கணினியும் காத்திருப்பும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளோடு பழகியவர்களுக்குப் ‘பிரீஎம்ப்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் புதியதன்று. பங்குக் காணியொன்றை விற்க விரும்புபவன், அதனைப் பிறத்தியானுக்குக் கொடுப்பதற்கு முன்னர், தன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்து, அவர்கள் வாங்குதற்கு இடமளித்தல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டில் தொகுத்து முடித்த தேசவழமையிலே இவ்வழக்கம் எழுத்தில் ஏறியது. 1947ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பிறருக்கு முன்னே வந்து ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளும் உரிமையே அச்சொல்லின் கருத்து.

அதே சொல் கணினியின் உள்ளேயும் வழங்குகிறது. ஆனால் அங்கே பங்கிடப்படுவது காணியன்று, காலம். கணினியின் மூளை எனத்தகும் புரொசசர் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்ய வல்லது. அதன் முன்னே நூற்றுக்கணக்கான வேலைகள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையை இடையிலே நிறுத்தி, அவசரமான மற்றொன்றுக்கு இடங்கொடுத்தலையே கணினி வல்லுநர் ‘பிரீஎம்ப்ஷன்’ என்பர். இதனைத் தமிழில் ‘இடைநிறுத்தல்’ எனலாம். எவரை எப்பொழுது இடைநிறுத்தலாம், எப்பொழுது இடைநிறுத்தல் ஆகாது என்னும் சிறு வினாவுக்கு விடை காண அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர். அவ்வுழைப்பின் வரலாறு கணினி அறியாதாரும் கேட்டறிதற்கு உரியது.

தொடக்க காலத்துக் கணினிகளில் இவ்வினாவே எழவில்லை. துளையிட்ட அட்டைகளில் தன் கணக்கை எழுதி ஒருவர் கொடுத்துச் செல்வார். முன்னே வந்தவர் கணக்கு முடிந்த பின்னரே பின்னே வந்தவர் கணக்குத் தொடங்கும். ஒரு சிறு கூட்டலுக்கு விடை பெறவும் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும், காத்திருத்தல் வேண்டும். கணக்கில் ஒரு புள்ளி பிழைத்திருந்தால் மறுநாளும் வந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

இந்நிலையை மாற்ற வேண்டுமென அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்த்தி என்பார் 1959ஆம் ஆண்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். அதே நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தகைய ஓர் ஏற்பாட்டை இயக்கிக் காட்டினர். ‘காலப் பங்கீடு’ என்பது அதன் பெயர். கணினியின் உள்ளே ஒரு கடிகாரம் குறித்த இடைவெளிதோறும் மணியடிக்கும். மணியடித்தவுடன் நடந்துகொண்டிருக்கும் வேலை நிறுத்தப்பட்டு அடுத்தவர் வேலைக்கு முறை வரும். முறைகள் மிகக் குறுகியனவாகவும் விரைந்து மாறுவனவாகவும் இருந்தமையால், ஒரே கணினியைப் பயன்படுத்தும் பலருள் ஒவ்வொருவரும் அது தமக்கே உரியதெனக் கருதினர்.

இவ்வேற்பாட்டை நடத்துவதற்கு ஒரு மேலாளர் தேவை. முறை வகுப்பவர் யார், நினைவகத்தைப் பங்கிடுபவர் யார், அச்சுப்பொறியையும் வட்டையும் காவல் செய்பவர் யார் எனின், அவர் இயங்குதளத்தின் நடுவே அமர்ந்திருக்கும் ‘கெர்னல்’ எனப்படும் கருவே. தேங்காயின் உள்ளே பருப்பு இருப்பதுபோல இயங்குதளத்தின் உள்ளே இருப்பதனால் அதற்கு அப்பெயர் வந்தது. மற்றைய நிரல்கள் யாவும் தமக்கு வேண்டியவற்றை இக்கருவிடமே கேட்டுப் பெறுகின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. ஒரு நிரல் தன் சொந்தக் கணக்கைச் செய்துகொண்டிருக்கும்பொழுது அதனை நிறுத்துவது எளிது. ஆனால் அந்நிரலின் வேண்டுகோளின்படி கருவே ஒரு காரியத்தில் இறங்கியிருக்கும்பொழுது நிறுத்தினால் யாது நிகழும்? வங்கி எழுதுநர் ஒருவர், ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்துவிட்டு, மற்றக் கணக்கில் கூட்டி எழுதுவதற்கு முன்னர் எழுப்பி அழைத்துச் செல்லப்பட்டாராயின், அவ்விடைவேளையில் பேரேட்டைத் திறந்து பார்ப்பவர் காண்பது பிழையான கணக்கே. கருவும் அத்தகைய பேரேடுகள் பலவற்றை வைத்திருக்கின்றது. ஆகவே 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் ஆக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் ஓர் எளிய விதியைக் கைக்கொண்டது. கருவினுள்ளே புகுந்த வேலை, தானாக வெளியே வரும்வரை, அல்லது தானாக ஓய்ந்து காத்திருக்கும்வரை, அதனை எவரும் எழுப்பலாகாது என்பதே அவ்விதி.

இவ்விதியின் நன்மையையும் தீமையையும் வடக்கே ஓடிய புகையிரதத்தைக் கொண்டு விளக்கலாம். 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். போர்க்காலத்தில், 1990ஆம் ஆண்டில், அதன் வடபகுதிச் சேவை நின்றுபோய், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வடக்கு நோக்கிச் செல்லும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டியோ முந்திச் செல்ல வேண்டிய வண்டியோ கிளைப்பாதையுள்ள நிலையத்திலேதான் விலகுதல் முடியும். முற்காலத்தில் இரு நிலையங்களுக்கிடையே ஓடுவதற்கு ஓர் அனுமதித் தகடு இருந்தது. பெரிய வளையம் பூட்டிய பையில் வைத்து நிலையத்தார் அதனை வண்டிச் சாரதியிடம் கொடுப்பர். அத்தகடு எவர் கையிலுள்ளதோ அவருக்கே அப்பகுதித் தண்டவாளம் உரியது.

கொடிகாமத்திலிருந்து சரக்கு வண்டியொன்று தகட்டைப் பெற்றுப் புறப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். பின்னால் யாழ்தேவி எத்துணை விரைவாக வந்தாலும், சரக்கு வண்டி அடுத்த நிலையத்தை அடைந்து தகட்டை ஒப்படைக்கும்வரை அது காத்து நிற்றல் வேண்டும். இஃது ஒறுப்பன்று, காப்பு. தகடின்றி இரு வண்டிகள் ஒரே பாதையில் ஏறினால் நேர்வது விபத்து. ஆனால், அநுராதபுரத்திலிருந்து காங்கேசன்துறை வரை இடையில் நிலையமே இன்றி ஒரேயொரு தகடு மாத்திரம் இருந்தால் யாது பயன்? யாழ்தேவி நாள் முழுவதும் நின்றுவிடும். பழைய யுனிக்ஸ் கருவின் விதி ஏறத்தாழ இத்தகையது. காப்பு உறுதி, காத்திருப்போ நெடிது.

எழுதுவோருக்கும் கணக்குப் பார்ப்போருக்கும் இக்காத்திருப்புப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு தாமதித்தால் அவர்களுக்கு இழப்பொன்றுமில்லை. ஆனால் இயந்திரங்களை ஆளும் கணினிகளின் நிலை வேறு. விமானத்தின் சிறகை அசைப்பதும், ஆலையின் கொதிகலனைக் காவல் செய்வதுமாகிய வேலைகளில் சரியான விடை காலந்தாழ்ந்து வருமாயின் அது பிழையான விடையே. இத்தகைய கணினிகளை ‘நிகழ்நேரக் கணினிகள்’ என்பர். குறித்த கால இடைவெளிதோறும் வரும் வேலைகளுள், அடிக்கடி வருவதற்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்து மற்றவற்றை இடைநிறுத்தினால், எவ்வளவு சுமைவரை எல்லா வேலைகளும் தத்தம் கெடுவினுள் முடியுமென லியூ, லேலண்ட் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டில் கணித முறையால் நிறுவினர். புரொசசரின் காலத்தில் ஏறத்தாழ 69 சதவீதத்துக்கு மேற்படாது சுமை இருக்குமாயின், வேலைகள் எத்துணைப் பலவாயினும் கெடு தவறாது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அவர்கள் கணக்கில் வேலைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. உலகத்து வேலைகளோ அவ்வாறில்லை. ஒரே பொருளைப் பல வேலைகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் விளையும் விபரீதமொன்றை ஒரு மருத்துவமனையில் வைத்துக் காணலாம். மருந்து அலமாரியின் திறவுகோல் ஒன்றே. சிற்றூழியர் ஒருவர் இருப்பை எண்ணுவதற்காக அதனை வாங்கியிருக்கிறார். அவ்வேளை வைத்தியர் அவசரமாக மருந்து கேட்கிறார். ‘ஐயா, சற்றுப் பொறுங்கள், எண்ணி முடித்துத் தருகிறேன்’ என்கிறார் ஊழியர். அது சிறு தாமதமே. ஆனால் அதற்குள் தலைமை எழுதுநர் வந்து, ‘இந்தப் பத்துக் கடிதங்களையும் இப்பொழுதே கொண்டு போய்க் கொடு’ என்று அவ்வூழியரை அனுப்பிவிடுகிறார். திறவுகோல் ஊழியரின் சட்டைப் பையில் இருக்கின்றது. எழுதுநரின் கடிதங்களுக்காக வைத்தியரும் நோயாளியும் காத்து நிற்கின்றனர். வைத்தியருக்குக் கீழ்ப்பட்ட எழுதுநர் அவரை முந்திவிட்டார். அதனை அவர் அறியவும் இல்லை. இந்நிலையை ‘முன்னுரிமைத் தலைகீழ்’ என்பர். லம்ப்சன், ரெடெல் என்னும் இருவர் 1980ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தனர்.

இதற்குத் தீர்வு வகுத்து நிறுவியோருள் ஒருவர் தமிழ்நாட்டில் பயின்றவர். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழினுட்பக் கல்லூரியில் 1984ஆம் ஆண்டில் பொறியியற் பட்டம் பெற்ற ரகுநாதன் ராஜ்குமார், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1989ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே லூயி ஷா, ஜோன் லெஹோக்ஸ்கி என்னும் இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் கூறிய தீர்வு மிகவும் இயல்பானது. வைத்தியர் திறவுகோலுக்காகக் காத்திருக்கும் வரையில், அதனை வைத்திருக்கும் ஊழியருக்கு வைத்தியரின் தகுதி உரித்தாகட்டும். அப்பொழுது எழுதுநர் அவரைக் கடிதம் கொடுக்க அனுப்புதல் இயலாது. திறவுகோலை ஒப்படைத்தவுடன் ஊழியர் தம் பழைய நிலைக்கு மீள்வார். இதனை ‘முன்னுரிமை உரித்து’ எனலாம். எளியவன் கையிலுள்ள பொருளுக்காகப் பெரியவன் காத்திருக்கும்பொழுது, எளியவனை விரைவாக விடுவிப்பதே பெரியவனுக்கும் நன்மை என்பது அதன் உட்கருத்து.

ஏட்டளவில் நின்ற இக்கருத்து ஏழாண்டுகளுக்குள் வேறொரு கோளில் சோதனைக்கு உள்ளாயிற்று. அமெரிக்க விண்வெளி நிறுவனம் அனுப்பிய பாத்பைண்டர் என்னும் கலம் 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி செவ்வாய்க் கோளில் இறங்கியது. அங்கிருந்து வந்த படங்களை உலகமே வியந்து நோக்கிக்கொண்டிருக்க, சில நாட்களில் அக்கலத்தின் கணினி தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலைகள் மறுநாள்வரை தள்ளிப்போயின. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள இயந்திரத்தைத் திறந்து பார்க்க எவரால் இயலும்?

பொறியியலாளர்கள் பூமியிலிருந்த அதன் மாற்றுருவை அவ்வாறே இயக்கி, அதே பிழை தோன்றும்வரை விடாது சோதித்தனர். காரணம் புலனாயிற்று. வானிலைத் தரவு சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமையுள்ள வேலையொன்று பொதுப் பூட்டைத் தன்வசம் வைத்திருந்தது. கலத்தின் உள்ளே செய்திகளைப் பகிர்ந்தளிக்கும் உயர்ந்த வேலை அப்பூட்டுக்காகக் காத்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தகுதியுள்ள வேலைகள் புகுந்து தாழ்ந்ததை இடைநிறுத்தின. கெடு தவறவே, காவற் பொறிமுறை கணினியை மீண்டும் தொடக்கியது. மருத்துவமனைக் கதையே செவ்வாயில் நடந்தது. அக்கலத்தில் இயங்கிய வீஎக்ஸ்வேர்க்ஸ் என்னும் இயங்குதளத்தில் முன்னுரிமை உரித்து ஒரு விருப்பத் தேர்வாக முன்னரே அமைந்திருந்தது. ஆனால் குறித்த அந்தப் பூட்டுக்கு அஃது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அத்தேர்வை இயக்கும் சிறு மாற்றத்தைப் பூமியிலிருந்து வானலை வழியே அனுப்பினர். நோய் நீங்கிற்று.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் நடந்த நிகழ்நேரக் கணினியியல் மாநாட்டில், அவ்வியங்குதளத்தை ஆக்கிய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் வில்னர் இவ்வரலாற்றை எடுத்துரைத்தார். உரையின் முடிவில், அத்தீர்வை எழுதிய மூவரும் அவையில் இருப்பதை அறிந்து, அவர்களை எழுந்து நிற்கும்படி கேட்டனர். ஷாவும் லெஹோக்ஸ்கியும் ராஜ்குமாரும் எழுந்து நிற்க, அவை ஆரவாரித்தது. ஏட்டில் எழுதிய கணிதம் செவ்வாயில் ஒரு பொறியைக் காத்ததற்கு அளிக்கப்பட்ட மரியாதை அது.

பாத்பைண்டரில் இருந்தது ஒரே நோக்கத்துக்கென ஆக்கப்பட்ட இயங்குதளம். உலகத்தார் பலரும் பலவிதமாகப் பயன்படுத்தும் பொது இயங்குதளமொன்றை அந்நிலைக்குக் கொண்டுவருதல் இதனினும் அரிதாயிற்று. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய லினக்ஸ் கருவே இங்குக் குறித்தது. அதன் மூலவரிகளை எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ் யுனிக்ஸின் வழியிலே ஆக்கப்பட்டமையால், கருவினுள் புகுந்த வேலையை எழுப்பலாகாது என்னும் பழைய விதியும் அதனோடு வந்தது.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸின் இரண்டாம் பதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட புரொசசர்களில் இயங்கக் கற்றது. இரு புரொசசர்கள் ஒரே பேரேட்டை ஒருங்கே திருத்தலாகாது. ஆகவே கரு முழுவதற்கும் ஒரேயொரு பெரும் பூட்டை அமைத்தனர். அநுராதபுரத்திலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் ஒரே தகடு என்று மேலே கூறியது ஏறத்தாழ இதுவே. பின்வந்த பதிப்புகளில் அப்பெரும் பூட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்து, ஒவ்வொரு பேரேட்டுக்கும் தனித்தனிச் சிறு பூட்டுகளை வைத்தனர். தண்டவாளத்தில் நிலையங்கள் பெருகின, தகடுகளும் பெருகின. அப்பெரும் பூட்டின் கடைசி எச்சம் 2011ஆம் ஆண்டிலேதான் நீங்கியது.

இதனிடையே முறைப்பாடு எழுந்தது ஒலித் துறையினரிடமிருந்து. வானொலி கேட்போருக்கு இது நன்கு விளங்கும். கணினியில் ஒலி இடையறாது ஒலிக்க வேண்டுமாயின், ஒலிக்கருவிக்குரிய சிறு களஞ்சியத்தை ஒரு வினாடியின் ஆயிரத்திற் சில பங்கு நேரத்துக்கொருமுறை நிரப்புதல் வேண்டும். களஞ்சியம் ஒருகணம் வெறுமையானாலும் பாட்டின் நடுவே ‘டிக்’ என ஒரு முறிவு கேட்கும். 2001ஆம் ஆண்டில் வந்த லினக்ஸ் 2.4 பதிப்பில் கரு வட்டிலே பெரிய கோப்பொன்றை எழுதத் தொடங்கினால், ஒலி நிரல் சில வேளைகளில் வினாடியின் பத்திலொரு பங்குக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. எழுதுவோர் பொறுத்த தாமதத்தைச் செவி பொறுக்கவில்லை.

இதனைத் தீர்ப்பதில் இருவகைக் கருத்துகள் எழுந்தன. இங்கோ மோல்நார், ஆண்ட்ரூ மோர்ட்டன் ஆகியோர் காட்டியது ஒரு வழி. கருவின் நெடிய பாதைகளைக் கண்டறிந்து, அவற்றின் நடுவே ‘இங்கே அவசரக்காரர் எவரேனும் காத்திருக்கிறாரா?’ என்று கேட்கும் இடங்களை அமைப்பது அது. நிலையமில்லாத நெடும்பாதையில் புதிய கிளைப்பாதைகளை அமைப்பதற்கு இஃது ஒப்பாகும். இதனால் உடனடிப் பயன் மிகுதி. ஆயினும் புதிய மூலவரிகள் வந்து சேருந்தோறும் புதிய நெடும்பாதைகள் தோன்றும். அவற்றையெல்லாம் ஒருவர் ஓயாது தேடித் திரிதல் வேண்டும்.

மற்றை வழி மொண்டாவிஸ்டா என்னும் நிறுவனத்தில் நைஜல் கம்பிள் என்பவரால் தொடக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டில் புளோரிடாப் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் லவ் என்பவரால் வளர்க்கப்பட்டது. அவர்கள் வினாவையே திருப்பிப் போட்டனர். எங்கே இடைநிறுத்தலாம் எனத் தேடுவதை விடுத்து, எங்கே இடைநிறுத்தலாகாது என்பதை அறிந்தால் போதும். எஞ்சிய இடமெல்லாம் தடையின்றி இடைநிறுத்தலாம் என்றனர். இடைநிறுத்தலாகாத இடங்கள் எவை? அதற்கும் புதிய தேடல் பெரிதும் வேண்டியிருக்கவில்லை. பல புரொசசர்கள் மோதாதிருக்க முன்னரே வைத்த சிறு பூட்டுகள் அவ்விடங்களைக் குறித்துக் காட்டின. தகடு கையில் இருக்கும்வரை வண்டியை விலக்காதே. தகடில்லாத வேளையில் எவ்விடத்திலும் விலக்கலாம். வேறொரு தேவைக்காகப் பல்லாண்டு பாடுபட்டு இட்ட எல்லைக்கோடுகள் இத்தேவைக்கும் உதவின. 2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் டோர்வால்ட்ஸ் இதனைத் தம் கருவின் 2.5.4ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வந்த 2.6ஆம் பதிப்பின் வழியாக அது பொதுமக்களை அடைந்தது.

இவ்வரலாற்றின் மையம் இதுவே. இடைநிறுத்தும் ஆற்றல் 1961ஆம் ஆண்டு முதலே கணினிக்கு இருந்தது. மணியடித்து ஒருவரை எழுப்புவதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. எவ்விடத்தில் எழுப்பலாகாது என்பதைத் திட்டமாக வரையறுத்த பின்னரே எங்கும் எழுப்பும் உரிமை பாதுகாப்பானதாயிற்று. எல்லை துலங்கிய அளவுக்கே சுதந்திரமும் விரிந்தது.

ஆயின், எங்கும் இடைநிறுத்தலே எல்லோருக்கும் நன்மையெனக் கொண்டு ஒரே விதி வகுத்தல் தகாதோ எனின், தகாது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒருவரை ஐந்து நிமிடத்துக்கொருமுறை எழுப்பினால், வந்தவர் காரியம் விரைவில் முடியலாம். விடைத்தாள்களோ குவிந்து கிடக்கும். ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே நேரம் கழியும். புரொசசரின் நிலையும் அதுவே. ஒரு வேலையை நிறுத்துந்தோறும் அதன் நிலையைக் குறித்து வைத்தல் வேண்டும். புதிய வேலையின் தரவுகளை அண்மை நினைவகத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். இரவிலே இலட்சக் கணக்குகளை முடிக்கும் வங்கிக் கணினிக்கு வேண்டியது மொத்த வேலையின் விளைவு. இசைப்பதிவு செய்யும் கணினிக்கு வேண்டியது குறித்த நேரத்தில் வரும் விடை. ஒன்றுக்கு நன்மையானது மற்றதற்குத் தீங்காகலாம்.

ஆகவே லினக்ஸ் ஆக்கியோர் முடிவைப் பயன்படுத்துபவரிடமே விட்டனர். கருவை ஆக்குமுன் நிரப்ப வேண்டிய நீண்ட வினாப்பட்டியல் ஒன்றுண்டு. அதிலே 2005ஆம் ஆண்டு முதல் இடைநிறுத்தலைப் பற்றிய வினாவுக்கு மூன்று விடைகள் அமைந்தன. வலிந்து இடைநிறுத்தாமை முதலாவது. பலருக்குப் பணிபுரியும் பெருங்கணினிக்கும் கணக்கீட்டுக்கும் உரியது. குறித்த இடங்களில் தானாக வழிவிடுதல் இரண்டாவது. மேசைக் கணினிக்கு உரியது. மோல்நாரும் அவர் தோழர்களும் முன்னர் காட்டிய வழியே இவ்வாறு நிலைபெற்றது. பூட்டில்லாத எவ்விடத்திலும் இடைநிறுத்தல் மூன்றாவது. ஒலியும் ஒளியும் தடங்கலின்றி வேண்டுவோருக்கு உரியது. 2021ஆம் ஆண்டில் வந்த 5.12ஆம் பதிப்பிலிருந்து, தக்கவாறு ஆக்கப்பட்ட கருவில், கணினியைத் தொடக்கும்பொழுது ஒரு சொல்லை எழுதியே இம்மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவும் வகை செய்யப்பட்டது. முன்னர் ஒவ்வொரு தெரிவுக்கும் கருவைப் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது.

இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவது ஒன்றை மோல்நார் 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தார். பூட்டு வைத்திருக்கும் வேளையிலும் பெரும்பாலும் இடைநிறுத்த இயலவேண்டும். தாமதத்துக்கு உறுதியான மேலெல்லை வேண்டும் என்பது அதன் நோக்கம். பூட்டோடு நிறுத்தினால் மருத்துவமனை விபரீதம் வந்துவிடுமே எனின், அதற்காகவே அப்பூட்டுகளில் முன்னுரிமை உரித்து அமைக்கப்பட்டது. ராஜ்குமார் முதலியோர் எழுதிய கொள்கை இவ்வாறு லினக்ஸ் கருவினுள்ளும் குடிபுகுந்தது.

இம்முயற்சியைத் தாமஸ் கிளைக்ஸ்னர் என்னும் ஜெர்மானியர் தலைமையேற்று இருபதாண்டு நடத்தினார். ஆலைகளும் கருவி ஆக்குவோரும் அதனைப் பயன்படுத்தினர். பொருளுதவி செய்வோரோ சிலரே. 2014ஆம் ஆண்டில், போதிய உதவியின்மையால் இவ்வேலையை ஓய்வுநேரப் பணியாகச் சுருக்க வேண்டியுள்ளதென அவர் அறிவிக்க நேர்ந்தது. மறு ஆண்டில் லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் நிறுவனங்கள் சேர்ந்து உதவ முன்வந்தன. கருவின் பகுதிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு மூலத்தோடு இணைந்தன. இறுதியில் தடையாய் நின்றது, கரு தன் அறிவித்தல்களைத் திரையில் எழுதும் எளிய பகுதியே. எவ்வேளையிலும் எழுதித் தீரவேண்டும் என்னும் அதன் கடமையும், எவரையும் நெடிது காக்க வைக்கலாகாது என்னும் புதிய விதியும் ஒத்துப்போக ஆண்டுகள் பல சென்றன.

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் லினக்ஸ் பராமரிப்பாளர்கள் கூடிய வேளை, இணைப்புக்குரிய வேண்டுகோளைத் தாளில் அச்சிட்டுப் பொன்னிற அலங்காரத்தோடு கிளைக்ஸ்னர் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அம்மாதத்திலேயே அது கருவில் ஏற்கப்பட்டு, நவம்பர் மாதத்தில் 6.12ஆம் பதிப்பாக வெளிவந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து 6.13ஆம் பதிப்பில் இன்னொரு தெரிவும் சேர்ந்தது. அவசர வேலைக்கு உடனே இடங்கொடுத்து, சாதாரண வேலைகளுள் நடப்பதை அடுத்த மணியடிக்கும்வரை தொடரவிடும் நடுவழி அது. விளைவும் விரைவும் ஒருங்கே வேண்டுவோர் கண்ட இணக்கம் எனலாம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வினா முற்றாக முடிந்துவிடவில்லை என்பதற்கும் அது சான்று.

யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் இந்நாளில் அக்கருவின் மூலவரிகளை இலவசமாகப் பெற்று, அதே வினாப்பட்டியலைத் தன் முன்னே விரித்து வைக்கலாம். இடைநிறுத்தல் பற்றிய வினாவை அடையும்பொழுது அவன் ஒரு பொறியை மாத்திரம் ஒழுங்குபடுத்துவதில்லை. இக்கணினி யாருக்குப் பணிபுரிகின்றது, எவர் காத்திருக்கலாம், எவரைக் காத்திருக்க விடலாகாது என்பவற்றுக்கும் விடை சொல்கின்றான். பாத்பைண்டரில் அணைத்து வைத்த ஒரு தெரிவு செவ்வாயில் ஒரு கலத்தைத் தடுமாற வைத்ததை அவன் நினைவிற் கொள்ளுதல் நன்று.

காணியைப் பங்கிட்ட முன்னோர் பங்காளிக்கு முதல் உரிமை கொடுத்தனர். அவ்வுரிமைக்கு எல்லையும் வகுத்தனர். எல்லையற்ற உரிமை வழக்குக்கே வழியாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். காலத்தைப் பங்கிட்ட கணினி அறிஞரும் நெடுவழி நடந்து அவ்வுண்மையையே அடைந்தனர். அவசரக்காரனுக்கு வழிவிடுதல் அறம். தகடு கையிலுள்ளவன் தன் பகுதியைக் கடந்து முடிக்க விடுதலும் அறம். அவன் விரைந்து முடித்தற்கு வேண்டிய தகுதியை அவனுக்கு அளித்தல் அவ்விரண்டையும் இணைக்கும் அறிவு.